கிரேக்க ஒயின் குடிக்கப் பழகுவது எப்படி

கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் பதினோரு வருடம் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். கப்பலில் ஒரு சொட்டு தொட முடியாது, தொட்டால் வேலை போய்விடும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கினால், மறுநாள் விமானத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கையில் இருக்கும். அப்படி ஒரு ராத்திரியில் எங்கள் சீஃப் இன்ஜினியர், அறுபதைத் தொட்ட கிரேக்கர், துறைமுகத்துக்குப் பின்சந்தில் இருந்த ஒரு தவெர்னாவுக்கு, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு, என்னைக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் "மிசோ கிலோ" என்றார். அரைக் கிலோ. ஏதோ கறி சொல்கிறார் என்று நினைத்தேன். வந்தது ஒரு தகரச் சொம்பு நிறைய வெள்ளை ஒயின்.

அங்கே பாட்டிலில் அடைக்காத உதிரி ஒயினை எடைக் கணக்கில்தான் கேட்பார்கள். அரைக் கிலோ என்றால் அரை லிட்டர். வெள்ளைக்கு லெஃப்கோ, சிவப்புக்கு கோக்கினோ. காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையெல்லாம் தேடாதீர்கள், தண்ணீர் குடிக்கிற குட்டித் தம்ளர்தான் வரும். விளிம்புவரை ஊற்றக் கூடாது. முக்கால் தம்ளர் ஊற்றி, "யா மாஸ்" சொல்லி இடித்துவிட்டு, முதலில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாப்பாடு இல்லாமல் ஒயினை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருப்பவனை அந்த ஊரில் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள்.

ஒயினுக்கு ஏட்டுச் சொல் இனோஸ். பேச்சில் எல்லோரும் சொல்வது கிராசி. கிராசி என்பதன் வேர்ப்பொருள் கலப்பு. பழைய கிரேக்கர்கள் ஒயினைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள், கலக்காமல் குடிப்பது நாகரிகம் தெரியாதவன் வேலை. கலக்கும் பெரிய பாத்திரத்துக்குப் பெயர் கிராட்டர். நாம் இன்று கருத்தரங்குக்குச் சொல்லும் சிம்போசியம் அன்று சேர்ந்து குடிக்கும் விருந்து. ஒரு பங்கு ஒயினுக்கு மூன்று பங்கு தண்ணீரா இரண்டு பங்கா என்று முடிவு செய்ய ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒற்றைக்கண் அரக்கனைக் காவிய நாயகன் ஒடிசியஸ் மயக்கிய ஒயின், கதைப்படி, ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர் தாங்கும் சரக்கு. அரக்கன் அதைத் தண்ணீர் சேர்க்காமல் குடித்தான், கண் போயிற்று. இன்று யாரும் கலப்பதில்லை. தம்ளருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டால் போதும்.

வரலாறு எவ்வளவு பின்னால் போகிறது என்றால், வடக்கு கிரேக்கத்தில் டிக்கிலி தாஷ் என்ற இடத்தில் நசுக்கிய திராட்சைத் தோலும் கொட்டையும் கிடைத்திருக்கின்றன. வயது ஆறாயிரம் ஆண்டுக்கு மேல். கிரீட் தீவில் வாதிபெத்ரோவில் திராட்சையை மிதிக்கும் தொட்டி இன்னும் இருக்கிறது, அந்தத் தீவின் பழைய நாகரிகத்தாரான மினோவர் காலத்தது. கப்பல்காரனான எனக்குப் பிடித்தது தாசோஸ் தீவுக் கதை. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஒயின் வியாபாரச் சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தாசோஸ் கப்பல் எதுவும் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் வெளியூர் ஒயினை ஏற்றி வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. சங்கப் பாட்டில் பாண்டியன் குடிக்கும் யவனர் தேறலும் இப்படி ஜாடியில் அடைத்துக் கப்பலேறி வந்த சரக்குதான்.

அப்புறம் நெடுங்காலச் சரிவு. ஒட்டோமான் ஆட்சியில் வரி அழுத்தியது, மடங்கள்தான் பல இடங்களில் தோட்டத்தைக் காத்தன. 19ஆம் நூற்றாண்டில் திராட்சை வேரை உறிஞ்சும் வேர்ப்பேன் என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, ஒயின் செய்யக் கிரேக்கத்தின் உலர்திராட்சைக்கு அங்கே ஏக கிராக்கி. பிரான்ஸ் தேறியதும் வியாபாரம் படுத்தது, 1893இல் நாடே திவாலானது. அதன்பின் போர்கள், உள்நாட்டுப் போர். இன்ன ஊர் ஒயின் இன்ன திராட்சையில்தான் செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1971இல். அதனால் நல்ல கிரேக்க பாட்டில் என்று இன்று நாம் தேடுவதில் பெரும்பகுதி, ஐம்பது வருடக் கதைதான்.

சரி, கடைக்குப் போவோம். அட்டை முழுக்கக் கிரேக்க எழுத்து இருந்தால் மிரள வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கில் படித்த எழுத்துகளே போதும். வாசல் நிலை போல இருக்கும் பை எழுத்து, நடுவில் ஒரு வட்டம், மறுபடி பை. இது போப். குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட திராட்சை, கண்டிப்பான விதி என்று பொருள். பை, காமா, எப்சிலான் வந்தால் விதி கொஞ்சம் தளர்ந்த வட்டார ஒயின், தரம் மட்டம் என்று எண்ண வேண்டாம். அடுத்து, கூடாரம் போன்ற லாம்டாவில் தொடங்கும் சொல் இருந்தால் வெள்ளை, எப்சிலானில் தொடங்கினால் (எரித்ரோஸ், சிவப்புக்கு ஏட்டுச் சொல்) சிவப்பு. மூன்று படுக்கைக் கோடு போட்ட ஜை எழுத்தில் தொடங்கும் சொல் கிஸிரோஸ், அதாவது இனிப்பில்லாதது. காமாவில் தொடங்கும் கிலிகோஸ் இனிப்பு. இவற்றுக்கு முன்னால் ஈமி ஒட்டிக்கொண்டிருந்தால் அரைகுறை இனிப்பு. இதை நான் பார்க்காமல் எடுத்து, வறுத்த மீனோடு சர்பத் குடித்த மாதிரி ஆகிப்போனது ஒரு தடவை.

திராட்சை வகை முந்நூறுக்கு மேல் இருக்கும் ஊர் அது. தொடங்குவதற்கு நான்கு பெயர் போதும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு.

முதல் பாட்டில் மொஸ்கோஃபீலெரோ. தெற்கே பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் மண்டினியா பீடபூமி, அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம், குளிர். திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு, ஒயின் வெள்ளை, மூக்கில் ரோஜா வாசனை. லேசானது. ஒயினே பழக்கமில்லாதவருக்கும் பிடித்துவிடும்.

இரண்டாவது அசீர்திகோ, சான்டோரினித் தீவின் திராட்சை. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கி.மு. 1600ஐ ஒட்டி எரிமலை வெடித்து நடுவே கடல் புகுந்த தீவு அது. தரை முழுக்கச் சாம்பலும் நுரைக்கல்லும். கோடையில் மழை கிடையாது, காற்று சும்மா விடாது. பந்தல் போட்டால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதால், கொடியை வருடா வருடம் வட்டமாகச் சுற்றித் தரையோடு தரையாக ஒரு கூடை போலப் பின்னுகிறார்கள். அதற்கு குலூரா என்று பெயர். பழம் கூடைக்குள்ளே காற்றுக்கு மறைந்து காய்க்கும். ராத்திரி கடலிலிருந்து ஏறும் ஈரத்தை நுரைக்கல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் தண்ணீர். களிமண் இல்லாத அந்த மண்ணில் வேர்ப்பேன் பிழைக்காது. அதனால் ஐரோப்பாவில் பெரும்பாலான கொடிகள் வேர்ப்பேனைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போட்டவையாக இருக்க, இங்கே கொடி சொந்த வேரில் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் என்றே தோன்றாது, யாரோ பழைய கூடைகளைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

குடித்தால் முதலில் எலுமிச்சைக் கூர்மை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்புக் கரிப்பு. ஆல்கஹால் 14 சதவீதம்வரை போகும், ஆனால் அந்தப் புளிப்பில் அது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். சில்லென்று குளிரவைத்துக் குடித்தால் உப்பும் வாசனையும் செத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்து, 10 முதல் 12 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள். பக்கத்தில் சுட்ட ஆக்டோபஸ் அல்லது பொரித்த நெத்திலி. விலை வருடா வருடம் ஏறுகிறது. தோட்டம் இருந்த இடத்தில் ஓட்டல் எழும்பினால் ஏறத்தானே செய்யும்.

மூன்றாவது அயோர்யீதிகோ, புனித ஜார்ஜின் திராட்சை என்று பொருள். ஊர் நெமேயா, புராண வீரன் ஹெராக்ளிஸ் சிங்கத்தைக் கொன்ற இடம் என்பார்கள், ஒயினுக்கே ஹெராக்ளிஸின் ரத்தம் என்று ஒரு பெயர். நல்ல நிறம், மிருதுவான துவர்ப்பு, ஆட்டுக்கறிக்கு அப்படிப் பொருந்தும். சிவப்பு ஒயினுக்குப் புதியவர் இதில்தான் இறங்க வேண்டும்.

நான் இறங்கியது நான்காவதில். க்ஸினோமவ்ரோ என்றால் புளிப்புக் கருப்பு, எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. வடக்கே நாவுசாவில் விளைவது, 1971இல் முதலில் ஊர்ப்பெயர் அங்கீகாரம் பெற்ற இடங்களில் ஒன்று. பெயர் கேள்விப்பட்டு இரண்டே வயதான ஒரு பாட்டிலை வாங்கி, ஓட்டல் அறையில் பல் துலக்கும் தம்ளரில் ஊற்றி, சிப்ஸோடு குடித்தேன். பச்சைப் பாக்கை மென்ற மாதிரி ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது. முக்கால் பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். அடுத்த பயணத்தில் சீஃபிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குளிர்ந்த இன்ஜினை ஃபுல் லோடில் ஓட்டுவாயா நீ?"

ஓட்டமாட்டேன். ஆகவே க்ஸினோமவ்ரோ வாங்கினால் அறுவடை வருடத்தைப் பாருங்கள், ஐந்தாறு வருடமாவது ஆகியிருக்கட்டும். திறந்து, வாயகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிட விடுங்கள். 16 முதல் 18 டிகிரி போதும். நிறம் சிவப்பு ஒயினுக்கு வெளிறித்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டான் கடைக்காரன் என்று நினைக்காதீர்கள். மூக்கில் வற்றல் தக்காளி, ஆலிவ். கொழுப்புள்ள மாட்டுக்கறிக் குழம்போடு அந்தத் துவர்ப்பு உருகிப்போகும். இப்போது எனக்கு இதற்கு மேல் ஒயின் கிடையாது.

பைன் பிசின் வாசனை ஏறிய ஒயினான ரெட்சினாவைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. அந்தக் காலத்தில் ஜாடிக்கு உள்ளே பைன் பிசின் பூசினார்கள், அந்த வாசனை ஒயினில் இறங்கியது. ஜாடி போய்ப் பீப்பாய் வந்த பிறகும் வாசனையை விட மனமில்லை. இன்று புளிக்கும் சாற்றில் பிசினைப் போட்டு, பிறகு எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஏதென்ஸைச் சுற்றிய அத்திக்கா பகுதியின் சவத்தியானோ திராட்சை. சுற்றுலாக்காரர்களுக்கு ஊற்றிய மட்டமான ரெட்சினாவால் கிரேக்க ஒயினுக்கே கெட்ட பெயர் வந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் நன்றாகக் குளிரவைத்து, பூண்டு மசியலும் பொரித்த கருவாட்டு மீனும் வைத்துக்கொண்டு ஒரு தடவை குடித்துப் பாருங்கள். தனியாகக் குடித்தால் டர்பென்டைன், பூண்டோடு குடித்தால் விருந்து.

இந்த ஐந்தும் பழகிய பிறகு மலகூசியா என்ற வெள்ளையைத் தேடலாம். அழியும் நிலையில் இருந்து 1970களில் மீட்ட திராட்சை அது.

சாப்பாடு முடிந்த பிறகு வின்சாண்டோ. சான்டோரினியில் பறித்த திராட்சையை, பெரும்பாலும் அதே அசீர்திகோவை, இரண்டு வாரம் போல வெயிலில் காயவைத்துப் பிழிந்து, மரப்பீப்பாயில் வருடக் கணக்கில் கிடத்தியது. பேரீச்சம்பழப் பாகு போலப் பழுப்பு நிறம், அவ்வளவு இனிப்பிலும் கீழே அந்தப் புளிப்பு கேட்கும். சிறிய பாட்டிலாக வரும். ஆளுக்கு ஒரு பெக் அளவு ஊற்றி, மீதியைத் தக்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், சில வாரம் கெடாது.