நடு ராத்திரியில் குழந்தை வீல் என்று அலறினால்…

என் மகனுக்கு 5 வயதில் இது ஆரம்பித்தது. 9 மணிக்குத் தூங்கியவன் பத்தரை வாக்கில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருவான். கண் திறந்திருக்கும், நெஞ்சு படபடவென அடிக்கும், பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். "அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்று அணைத்தால் என்னையே தள்ளிவிட்டு "அம்மா, அம்மா" என்று கதறுவான். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. அத்தை திருநீறு பூசிவிடுவார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அலறல் நிற்கவில்லை.

முதலில், இது கெட்ட கனவா என்று பாருங்கள். கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும். குழந்தை முழுசாக விழித்து, நம்மைக் கட்டிக்கொண்டு, கண்டதைச் சொல்லும். தூக்க அலறல் வேறு. தூங்கிய 1 முதல் 3 மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கும்போது வருவது. தூக்கத்தில் நடப்பதும் இதே வகைதான். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அலறும்போது எழுப்பாதீர்கள். உலுக்குவதும் தண்ணீர் தெளிப்பதும் மிரட்சியைக் கூட்டும். கட்டிலிலிருந்து விழாமல் பக்கத்தில் இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். எழுந்து நடக்கிற குழந்தையென்றால் மாடிக் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள்.

பிறகு, நேரத்தைக் குறித்து வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். தூங்கிய நேரம், அலறிய நேரம், அன்றைக்குக் காய்ச்சலா, கல்யாண வீட்டில் கண்விழித்தானா என்று காலண்டரிலேயே எழுதினேன். தூக்கம் குறைந்த நாட்களில்தான் அதிகம் வந்தது. 3 முதல் 5 வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். அவனை அரை மணி நேரம் முன்னதாகவே படுக்க வைத்தோம்.

தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு லேசாகத் தட்டி எழுப்புங்கள். முனகிப் புரண்டு படுத்தால் போதும். 2 முதல் 4 வாரம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் எங்கள் வீடு அமைதியானது.

டாக்டரிடம் எப்போது? குறட்டை விட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், ஒரே ராத்திரியில் பல தடவை வந்தால், கை கால் விறைத்து வெட்டினால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு தடவை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அவருக்கு அது உதவும்.