பாக எண்ணா, ரிவிஷனா: எந்திர, விமான வடிவமைப்பு மாற்றங்களைக் கையாளும் முறை

ஒரு பாகத்தின் வடிவமைப்பை மாற்றச் சொல்லிக் கோரிக்கை வந்ததும் வரைபடத்தைத் திறக்கக் கூடாது. என்ன கோளாறு, எந்த வரிசை எண் கொண்ட எந்திரங்களில் காணப்பட்டது, மாற்றாமல் விட்டால் என்ன நேரும் என்பவற்றை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். "துளையை 0.2 மி.மீ. பெரிதாக்கவும்" என்று தீர்வை மட்டும் சொல்லும் கோரிக்கையைத் திருப்பி அனுப்புவதே நல்லது. காரணம் பதிவாகாத திருத்தத்தைப் பின்னால் வரும் பொறியாளர் பிழையென்று கருதிப் பழைய அளவுக்கே கொண்டுபோய்விடக்கூடும்.

அடுத்தது பாதிப்பு ஆய்வு. நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க வேண்டும். அந்தப் பாகம் எந்தெந்தத் தொகுப்புகளில் (பல பாகங்கள் சேர்ந்த அமைப்புகளில்) இருக்கிறது என்பதை, பொருளின் வடிவமைப்புத் தரவுகளை நிர்வகிக்கும் பி.எல்.எம். மென்பொருள் நொடியில் காட்டிவிடும். ஆனால் பாகப் பட்டியலில் உறவு காட்டாமல் வேலையில் மட்டும் உறவுள்ளவற்றை மனிதர்கள்தான் தேடியாக வேண்டும்: சோதனைக் கருவி, வேலையின்போது பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர், கணினி இயக்கும் எந்திரத்துக்கான சி.என்.சி. நிரல், வலிமைக் கணக்கு அறிக்கை, பராமரிப்புக் கையேடு, துணை ஒப்பந்ததாரரிடம் உள்ள விவரக்குறிப்பு.

இந்தத் தேடலில் ஒன்று விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிலவை நோக்கிச் சென்ற நாசாவின் அப்போலோ 13 விண்கலம் சான்று. அதன் ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டர் முதலில் 28 வோல்ட் நேர்மின்சாரத்துக்காகத் திட்டமிடப்பட்டது. ஏவுதளத்தில் தொட்டிக்கு அழுத்தமேற்ற 65 வோல்ட் பயன்படும் என்பதால் 1965இல் விவரக்குறிப்பு திருத்தப்பட்டது. வெப்பம் மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டித்து ஹீட்டரைக் காக்கும் தெர்மோஸ்டாட் ஸ்விட்ச் மட்டும் 28 வோல்ட்டுக்கு உரியதாகவே நின்றுவிட்டது. நாசா, முதன்மை ஒப்பந்ததாரரான நார்த் அமெரிக்கன், தொட்டியைச் செய்த பீச் ஏர்கிராஃப்ட் ஆகிய மூன்று தரப்பின் பரிசீலனையிலும் அது பிடிபடவில்லை. 1970இல், ஏவுவதற்கு முன் தொட்டியைக் காலிசெய்ய ஹீட்டரை மணிக்கணக்கில் இயக்கியபோது ஸ்விட்சின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. கட்டுமீறிய வெப்பத்தில் உள்ளிருந்த கம்பிகளின் டெஃப்லான் உறை சிதைந்தது. பயணத்தின் நடுவே தொட்டி வெடித்தது. அதே குறை உள்ள ஸ்விட்சுகளோடு முந்தைய பயணங்கள் சிக்கலின்றி முடிந்திருந்தன என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். எனவே படிவத்தில் "பாதிப்பு இல்லை" என்று டிக் அடிக்கும் கட்டத்தை நான் ஏற்பதில்லை. ஒவ்வோர் இணைப்பு இடத்துக்கும், எதைப் பார்த்து அப்படி முடிவு செய்யப்பட்டது என்று ஒருவர் தம் பெயருடன் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

பிறகு வருவது எண் பற்றிய முடிவு: பாகத்தை அடையாளம் காட்டும் பாக எண்ணையே மாற்றுவதா, அதே எண்ணை வைத்துக்கொண்டு அதன் திருத்த நிலையைக் காட்டும் ரிவிஷன் எழுத்தை மட்டும் மாற்றுவதா? வடிவம், பொருத்தம், செயல்பாடு ஆகிய மூன்றில் எதுவும் மாறாமல், பழையதும் புதியதும் எந்தத் தடையுமின்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பொருந்துமானால் ரிவிஷன் எழுத்தை மட்டும் உயர்த்தினால் போதும். மூன்றில் ஒன்று மாறினாலும் புதிய பாக எண் தர வேண்டும். அந்தப் பாகம் அமரும் தொகுப்புக்கும், அதற்கு மேலுள்ள தொகுப்புக்கும், மாற்றிப் பொருத்தும் தன்மை மீண்டும் கிடைக்கும் மட்டம் வரை எண் மாற வேண்டும். இதனால் காகித வேலை பெருகுகிறது என்று உற்பத்திப் பிரிவு முணுமுணுக்கும். இந்த இடத்தில் மட்டும் இறங்கிப் போகக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரத்தில் நடந்தது இதுதான். ஓடும் காரில் சாவி தன் நிலையிலிருந்து தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும் அளவுக்குப் பிடிமானம் குறைந்திருந்த ஸ்விட்சுக்கு வேறு ஸ்பிரிங் வைக்க 2006 ஏப்ரலில் ஒப்புதல் தரப்பட்டது, ஆனால் பாக எண் மாற்றப்படவில்லை. பழைய கார்களில் நேரும் விபத்து பிந்தைய மாடல்களில் ஏன் நேரவில்லை என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே பல ஆண்டுகள் குழம்பினார்கள். வழக்குத் தொடுத்தவர் தரப்புப் பொறியாளர் ஒருவர் இரண்டு ஸ்விட்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேறுபாடு வெளிப்பட்டது. கார்களைத் திரும்பப் பெறுவது 2014இல்தான் தொடங்கியது; நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

மாற்றத்தை ஏற்பதா என்று முடிவு செய்யும் ஒப்புதல் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடிவமைப்பு, உற்பத்தி, தரம், கொள்முதல், பராமரிப்பு ஆகிய பிரிவுகளிலிருந்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அமர்ந்தால் போதும். விமானமாக இருந்தால் ஒரு கேள்வி கூடுதலாக வரும்: எடை, சமநிலை, கட்டமைப்பு வலிமை, நம்பகத்தன்மை, இயக்கப் பண்புகள், பறக்கும் தகுதியைத் தொடும் பிற பண்புகள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க விளைவு உண்டா? உண்டென்றால் அது பெருமாற்றம். ஒழுங்குமுறை அமைப்பின் அதற்குரிய ஒப்புதல் இல்லாமல் நடைமுறைக்கு வர முடியாது.

மாற்ற ஆணையில், மாற்றம் எந்த வரிசை எண் கொண்ட எந்திரத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். தேதியைக் குறிப்பிடுவது எளிது. ஆனால் ஒரே நாளில் பல நிலைகளில் நிற்கும் விமானங்களில் எது பழைய பாகத்தைப் பெற்றது என்று பின்னர் சொல்ல இயலாது. கிடங்கு இருப்பு, பாதி முடிந்த பாகங்கள், ஏற்கெனவே விற்ற எந்திரங்கள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே தீர்ப்பு வேண்டும்: பயன்படுத்தித் தீர்ப்பதா, திருத்தி எடுப்பதா, ஸ்கிராப்பில் போடுவதா. அவசரத்துக்கு ஒரு தொகுதிக்கு மட்டும் வரைபடத்திலிருந்து விலக்கு அளித்தால் அதன் எண்ணிக்கையையும் முடிவுத் தேதியையும் குறிக்க வேண்டும்; இல்லையேல் அந்த விலக்கே எழுதப்படாத வடிவமைப்பாக நிலைத்துவிடும்.

வரைபடம் வெளியானதும் ஆணையை முடித்துவிடக் கூடாது. சப்ளையரிடமும் பணித்தளத்திலும் உள்ள பழைய அச்சுப் பிரதிகள் திரும்பி வந்தனவா என்று பார்க்க வேண்டும். விமானத் துறையில் ஏ.எஸ். 9102 தரநிலை கேட்கும் முதல் பாகச் சோதனையை (தயாரான முதல் பாகத்தை வரைபடத்தின் அளவுகளோடு ஒப்பிடுவதை), மாற்றம் தொட்ட அளவுகளுக்கு மட்டுமாவது மீண்டும் செய்ய வேண்டும். அந்த வரிசை எண்ணுள்ள எந்திரத்தில் உண்மையில் பொருத்தப்பட்ட பாகத்தின் எண் அதன் கட்டுமானப் பதிவேட்டில் ஏறிய பிறகு, ஆணையின் நிலையை "முடிந்தது" என்று மாற்றலாம்.