தொட்டியில் ஸ்ட்ராபெர்ரி, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம்

கடையில் கிடைக்கிற பழத்தை விட்டுவிட்டு ஸ்ட்ராபெர்ரியை எதற்கு வீட்டில் வளர்க்க வேண்டும் என்றால், அது செடியை விட்டு வந்த பிறகு பழுக்காது என்பதுதான் காரணம். மாங்காயைப் பறித்து வைத்துப் பழுக்கவைக்கிற மாதிரி இதில் முடியாது. பறித்த பிறகு நிறம் வேண்டுமானால் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. வெகுதூரம் போக வேண்டிய பழத்தை நசுங்காமல் இருக்கக் கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள், அதனால்தான் பார்க்க அழகாக இருந்தும் வாயில் போட்டால் புளிக்கிறது. நம் தொட்டியில் இருப்பதைக் காம்படி வரை சிவக்கும்வரை விட்டுவைக்கலாம், ஐஸ்கிரீமுக்கும் அப்படிப்பட்ட பழம்தான் வேண்டும்.

நாற்றும் தொட்டியும்

விதையில் ஆரம்பிக்காதீர்கள். முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், கலப்பினச் செடி என்பதால் தாய்ச்செடி மாதிரியே பழம் வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நர்சரியில் நாற்றாக வாங்குங்கள். வருடத்துக்கு ஒரே பருவத்தில் மொத்தமாகக் காய்ப்பவை, பல மாதங்களுக்கு விட்டுவிட்டுக் காய்ப்பவை என்று பொதுவாக இரண்டு வகை உண்டு. தொட்டியில் வைப்பதற்கு இரண்டாவது வகைதான் என் கட்சி. கடும் வெயில் இதற்கு ஆகாது, 30 டிகிரியைத் தாண்டினால் பூப்பது குறைந்துவிடும், அதனால் உங்கள் ஊரில் குளுமையான மாதங்கள் எவையோ அப்போது செடி வளர்ந்து பூக்கிற மாதிரி நடுங்கள். உறைபனி விழும் ஊர் என்றால் பனி விலகிய பிறகு.

20 செ.மீ. ஆழமும் அதே அளவு அகலமும் உள்ள தொட்டி ஒரு செடிக்குப் போதும், நீளத் தொட்டியில் பல செடிகள் வைத்தால் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். அடியில் ஓட்டை கட்டாயம். மண், மட்கிய உரம், தேங்காய் நார்த் தூள் மூன்றும் சம அளவு கலந்தால் சரியாக இருக்கும். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண், அதாவது பி.எச். 5.5 முதல் 6.5 வரை, இதற்குப் பிடிக்கும். தரையில் நடுவதாக இருந்தால் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இருந்த இடத்தைச் சில வருடங்களுக்குத் தவிருங்கள், அவற்றைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணிலேயே தங்கி இதையும் பிடிக்கும்.

நடும்போது கவனிக்க வேண்டியது

நாற்றை உற்றுப் பாருங்கள். வேருக்கும் இலைக்காம்புக்கும் நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குட்டித் தடித்த தண்டு இருக்கும், அதன் உச்சியிலிருந்துதான் புது இலை சுருண்டு சுருண்டு வெளியே வரும். அந்தக் குருத்து மண்ணுக்குள் போனால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். ஆகவே தண்டின் பாதி மண்ணில், குருத்து சரியாக மண்மட்டத்துக்கு மேல். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் மண் இறங்கும், அப்போது இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் வெயில் வேண்டும். வேர் மேலோட்டமாகத்தான் ஓடும், அதனால் மண் காய விடக்கூடாது, அதற்காகத் தேங்கவும் விடக்கூடாது. காலையில் மண்ணில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். செடியைச் சுற்றி வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், பழம் ஈரமண்ணில் பட்டுச் சாம்பல் பூஞ்சை பிடிப்பதும் குறையும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை மட்டும் பிரமாதமாக வரும்!

பூ, பிறகு பழம்

மனசு கேட்காதுதான், ஆனாலும் நட்ட முதல் 4 முதல் 6 வாரம் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். செடி வேர்பிடித்து நிற்கட்டும். நீளமாக ஓடுகிற கொடித்தண்டுகளையும் முதலில் வெட்டிவிடுங்கள், சத்தெல்லாம் அதற்கே போய்விடும். பிற்பாடு செடி பெருத்ததும் ஒன்றிரண்டு கொடியை விட்டு, நுனியில் இருக்கும் குட்டிச் செடியைப் பக்கத்துத் தொட்டி மண்மேல் பதித்து வைத்தால் வேர்விடும், அப்புறம் கொடியை அறுத்துவிடலாம். மூன்று வருடத்துக்கு மேல் தாய்ச்செடியின் விளைச்சல் இறங்கும் என்பதால் இப்படிப் புதுச்செடி தயாராக இருப்பது நல்லது.

பழத்தின் மேல் நாம் விதை என்று நினைப்பது ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிக் கனி. சிவப்புச் சதை என்பது பூவின் அடிப்பாகம் பருத்தது. மகரந்தம் சேராத புள்ளியைச் சுற்றிச் சதை பருக்காது, பழம் ஒருபக்கம் ஒடுங்கிக் கோணலாக வரும். தேனீ வராத பால்கனி என்றால் மென்மையான தூரிகையை எடுத்து ஒவ்வொரு பூவின் நடுவிலும் மெல்லச் சுற்றிவிடுங்கள். இந்தச் செடியின் பூர்வீகக் கதையும் மகரந்தக் கதைதான். 1714-இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து பெரிய பழ ஸ்ட்ராபெர்ரியைக் கொண்டுவந்தார், வந்ததெல்லாம் பெண்செடி, பழமே காணோம். பிறகு பக்கத்தில் வட அமெரிக்க வகையை நட்டபோது காய்த்தது, அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று நாம் வளர்ப்பது.

பூவிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் பழம். காம்போடு கத்தரித்து எடுங்கள், சாப்பிடும்வரை கழுவாதீர்கள். பறவைக்கு வலை, நத்தையை ராத்திரி டார்ச் அடித்துத் தேடிப் பொறுக்கி எடுங்கள்.

ஐஸ்கிரீமுக்குச் சேர்ப்பது

நாலைந்து தொட்டியில் ஒரே நாளில் அரைக் கிலோ கிடைக்காது. வருகிறபோது வருவதைக் கழுவி, துடைத்து, காம்பு நீக்கி, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், இறுகியதும் ஒரு பைக்கு மாற்றிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். உறைந்த பழம் உருகினால் குழைந்துவிடுமே என்று கவலை வேண்டாம், நாம் செய்யப்போவதே குழைப்பதுதான்.

ஸ்ட்ராபெர்ரியில் 90 சதவீதம் தண்ணீர். பச்சையாக அரைத்துக் கலந்தால் அந்தத் தண்ணீர் ஐஸ் துகளாகி நறநறக்கும், துண்டு போட்டால் கல் மாதிரி கடிபடும். எனவே முதலில் சுண்டவைக்க வேண்டும். 500 கிராம் பழத்தில் 75 கிராம் சர்க்கரை போட்டு அரைமணி நேரம் வைத்தால் சாறு விட்டிருக்கும். மிதமான தீயில் வைத்து மசித்துக்கொண்டே கிளறுங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும், நிறம் வெளுத்த மாதிரி தெரியும், போகப்போக நுரை அடங்கிக் குமிழி பெரிதாகி, மெதுவாக வெடிக்கும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் ஒரு நொடி நிற்க வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவையுங்கள். சூட்டோடு கிரீமில் கொட்டினால் அடித்த காற்றெல்லாம் போச்சு.

கொழுப்பு குறைந்தது 30 சதவீதமாவது உள்ள, இனிப்புச் சேர்க்காத விப்பிங் கிரீம் 500 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம், பாத்திரம், பீட்டர் மூன்றும் ஜில்லென்று இருக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் முனை நிற்கிற பதத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் அடித்தால் வெண்ணெய் திரளும். 300 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கைப் பழக்கூழில் கலந்து, கிரீமில் மூன்று தவணையாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். ருசி பார்த்தால் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், குளிர்ந்த பிறகு நாக்குக்கு அது குறைந்துவிடும், அதோடு சர்க்கரைதான் ஐஸ்கிரீம் பாறையாகாமல் காப்பது. குறைக்காதீர்கள்.

டப்பாவில் ஊற்றி, மேற்பரப்பைத் தொடுகிற மாதிரி பட்டர் பேப்பர் போட்டு மூடி, ஃப்ரீசரின் உள்பக்கம் வையுங்கள், கதவோரம் வேண்டாம். 8 மணி நேரம் அல்லது ஒரு ராத்திரி. பரிமாறும் முன் பத்து நிமிடம் வெளியே வைத்தால் கரண்டி சுலபமாக இறங்கும், மிச்சத்தை முழுக்க உருகவிட்டுத் திரும்ப உறையவைக்காதீர்கள்.