விமானத்தில் கட்டுச்சோறு: செக்யூரிட்டியில் மாட்டாமல் கொண்டுபோவது எப்படி?

சென்னையிலிருந்து லண்டன் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பட்டியல். புளியோதரை, பொடி இட்லி, சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கைப்பையில் தாராளமாகப் போகும். சாதத்தை அகலமான தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து, சீக்கிரம் ஊசிப்போகும்.

அடுத்ததுதான் சிக்கலே: எது திரவம்? ஊற்றினால் ஓடுவது மட்டும் இல்லை, குழைவாகப் பூசுகிற பதத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். சட்னி, தொக்கு, தயிர், நெய் எதுவும் 100 மில்லிக்கு மேல் கூடாது. அதிலும் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். எனவே பொடியை எண்ணெயில் குழைத்து, இட்லியின் இரண்டு பக்கமும் வீட்டிலேயே தடவிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் இட்லி எண்ணெயைக் குடித்துவிடும், தனிப் பாட்டில் எதற்கு?

ஊறுகாய், மிளகாய்த்தூள் செக்-இன் பெட்டியில். கொப்பரைத் தேங்காய் மட்டும் எதிலும் வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று, ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. கொடுக்கும் வரிசையில் அதற்கு யூ.என். 1363 என்ற எண்ணே இருக்கிறது!

எவர்சில்வர் டப்பாவுக்கு நான் எதிரி. ஸ்கேனர் திரையில் உள்ளே இருப்பதை மறைத்து அடைத்து நிற்கும், பையைத் திறக்கச் சொல்வார்கள். வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டி, மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பையின் மேலாகவே வையுங்கள். சாப்பிட்டதும் இலையை விமானத்திலேயே குப்பையில் போட்டுவிடுங்கள்.

துபாய், தோஹா வழியாகப் போனால் அங்கே மறுபடி சோதனை உண்டு. சென்னையில் உள்ளே வந்து நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அதற்குள் காலி செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: தயிர்சாதம் போகுமா என்று கமெண்டில் கேட்டிருக்கிறார்கள். கெட்டியாகப் பிசைந்தாலும் சோதிக்கிறவர் மனசு வைக்க வேண்டும், நான் எடுத்துப் போவதில்லை. அதைவிடப் பெரிய தலைவலி இறங்கிய பிறகுதான். இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள்களை பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள். மிச்சத் தயிர்சாதமோ கறி வறுவலோ இருந்தால் தரையிறங்கும் முன் தின்று தீர்த்துவிடுங்கள். பால்கோவாவை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தையின் பால், கஞ்சிக்கு 100 மில்லி வரம்பில் தளர்வு உண்டு. கேட்பதற்கு முன்பே தனியாக எடுத்துக் காட்டிவிடுங்கள்.