எச்.ஐ.வி. மாத்திரை வேலை செய்யாமல் போவது எதனால்?

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இப்போது தினம் ஒரே மாத்திரைதான். டி.எல்.டி. என்பார்கள். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இலவசமாகவே தருகிறார்கள். வலுவான மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் குறைகிறதென்றால், கூடவே வயிற்றுக்குள் வேறு என்ன போகிறது என்று முதலில் பாருங்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் வகை மருந்துகளில் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு. இவை குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் சேராது. அவற்றைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் டி.எல்.டி. போட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளும் வெறும் வயிற்றில் இதையே செய்யும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தடையில்லை. கர்ப்பிணிகள் பயந்துபோய் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அதைக் காலையிலும் டி.எல்.டி.யை இரவிலும் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

நம் மாவட்டத்தில் சித்த வைத்தியமும் வர்ம வைத்தியமும் வீட்டுக்கு வீடு உண்டு. சங்கு பஸ்பம் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். அயச் செந்தூரம் இரும்பு. ‘மூலிகைதானே’ என்று மையத்தில் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

டி.எல்.டி. சாப்பிடுவதைச் சர்க்கரை டாக்டரிடம் மறைப்பதும் அப்படித்தான். டோலுடெக்ராவிர் ரத்தத்தில் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் அளவைக் கூட்டும். மெட்ஃபார்மின் ஒரு நாளுக்கு 1000 மில்லிகிராம் தாண்டக் கூடாது. வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின் டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 இன்னொன்று வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அது தொடர வேண்டும்; பலரும் அதே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். கையில் 30 மாத்திரையோடு போட் ஏறாதீர்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரை சேர்த்துத் தர வழி உண்டு. புறப்படும் தேதியை முன்கூட்டியே மையத்தில் சொல்லுங்கள். லேபிளைப் பிறர் பார்ப்பார்களோ என்று மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வீசிவிடுவதும் நடக்கிறது. கடல் ஈரத்தில் மாத்திரை கெட்டுவிடும். லேபிளை மட்டும் கிழித்துவிட்டு அதே பாட்டிலை எடுத்துப் போங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போடுங்கள், இரட்டையாக வேண்டாம். உடம்பு தேறியதென்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகும். கூடவே ஹெபடைடிஸ் பி இருந்தால் கல்லீரலும் சட்டென வீங்கும், ஏனெனில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருப்பவை.

ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை, மருந்து தொடங்கிய 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை. எண்ணிக்கை 1000க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றமாட்டார்கள். விட்டுப்போன நாட்களைக் கேட்டு, சரிசெய்து, 3 மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். கவுன்சிலர் திட்டுவாரென்று ‘ஒரு நாளும் விடவில்லை’ என்று சொன்னால், நல்ல மருந்தையே பலிக்காத மருந்தென்று முடிவுகட்டி இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்ற நேரும். விட்ட நாட்களையும், குடித்த ஜெலுசிலையும், வைத்தியர் தந்த பஸ்பத்தையும் அப்படியே சொல்லுங்கள்.