‘எல்லோருக்கும்’ என்று எழுதுமுன்

“அடுத்தவர் அழுவதைக் கண்டு கண் கலங்காதவர் மனிதரே அல்லர்” என்பது போன்ற வரியை ஒரு மேடைப் பேச்சுக்கோ கட்டுரைக்கோ எழுதியிருந்தால், அது யாரையெல்லாம் மனிதக் கணக்கிலிருந்து தள்ளுகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் பிறர் துயரத்தை ஆழமாக உணர்ந்தும் முகத்தில் காட்டுவதில்லை. பார்க்கின்சன் நோயால் முகத்தசைகள் இறுகியவருக்கு நெஞ்சு பதறினாலும் முகம் அசையாது.

ஆகவே முதல் வேலை, வாக்கியத்துக்குள் உடலும் புலனும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுவதுதான். “கண்ணை மூடினால் அம்மாவின் முகம் தெரியாதவர் உண்டா?” என்றால், உண்டு, மனத்தில் படமே எழாத அந்நிலைக்கு ஆடம் ஸீமனும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் ‘அஃபாண்டேசியா’ என்று பெயரிட்டார்கள். இத்தகைய வரிகளில் “எனக்கு” என்றோ “பலருக்கு” என்றோ எழுதினால் போதும், அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

ஒத்துணர்வைப் பற்றிய, அதாவது பிறர் உணர்வைத் தானும் உணர்வதைப் பற்றிய வரிகள் அத்தனை எளிதில் திருந்துவதில்லை, ஏனெனில் அவற்றுக்கு ஆய்வின் துணையும் இருப்பதாக நம்புகிறோம். 1985-இல் சைமன் பேரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகியோர், ஒரு பொம்மை வெளியே போயிருக்கும்போது அதன் கோலிக்குண்டை இடம் மாற்றிவிட்டு, திரும்பி வரும் பொம்மை அதை எங்கே தேடும் என்று ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளிடம் கேட்டார்கள். இடம் மாறியது பொம்மைக்குத் தெரியாது என்பதால், பழைய இடம்தான் சரியான விடை. 16 பேர் தவறாகச் சொன்னார்கள்; 4 பேர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒத்துணர்வே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிய பொதுப்பேச்சு, அந்த 4 பேரையும், கோலிக்குண்டை எங்கே தேடுவார் என்று ஊகிப்பது வேறு, பிறருக்காக வருந்துவது வேறு என்பதையும் வசதியாக மறந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் வாதிட்டார். ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லிக் கடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்கு இணையாக நின்றது, இரு சாராரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் சிதறின. எனவே “அவருக்கு என்னைப் புரியவில்லை” என்பதை “எங்களுக்குள் புரியவில்லை” என்று மாற்றுவது மரியாதைக்காக மட்டுமன்று, அதுவே சரியான தகவலும் ஆகும்.

“எல்லோருமே ஏதோ ஒரு வகையில் மாற்றுத்திறனாளிகள்தானே” என்பது அன்போடு சொல்லப்படுவதால் இன்னும் தந்திரமானது. படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலகத்தின் முன் சக்கர நாற்காலியில் இருப்பவர் சாய்தளம் கேட்கும்போது இப்படிப் பதில் வந்தால், கோரிக்கையே கரைந்துபோகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு சற்று நடந்துவிட்டுப் பார்வையற்றவரின் வாழ்க்கை புரிந்தது என்பதும் இதே ரகம். கட்டிக்கொண்டவருக்குத் தடுமாற்றம் தெரியுமே தவிர, ஆண்டுக்கணக்கில் வெண்கோல் பழகிய கையின் தேர்ச்சி தெரியாது. “எனக்கும் அப்படித்தான்” என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, “உங்களுக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது?” என்று கேளுங்கள். அவருக்கு விளக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல், சாய்தளத்துக்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்ற பேச்சுக்கு வந்துவிடுங்கள்.