எல்நாட் மாதிரித் தேர்வா? விடைகளை உடனே திறக்காதீர்கள்

எல்நாட் (LNAT) என்பது பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க எழுதும் நுழைவுத் தேர்வு; பத்தியைப் படித்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ‘ஏ’ பிரிவும் ஒரு கட்டுரையும் அதில் உண்டு. அதன் மாதிரித் தேர்வில் ‘ஏ’ பிரிவை எழுதும்போதே சந்தேகமான வினாக்களுக்குப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விடைகளைப் பார்க்காமல், மறுநாள் அந்த வினாக்களை மட்டும் நேரக் கணக்கின்றி மறுபடி போடுங்கள். நீங்கள் ஒதுக்கும் ஒவ்வொரு விடையும் ஏன் பொருந்தாது என்று பத்தியின் வரியைச் சுட்டி எழுதுங்கள். திருத்துவது அதற்குப் பிறகுதான்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஏ-லெவல் படித்துக்கொண்டே பிரிட்டனில் சட்டம் படிக்க விண்ணப்பிப்பவர்கள் பலரும் தாள் மேல் தாளாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். நல்ல மாதிரித் தாள்கள் குறைவு. அப்படி வீணாக்கக் கூடாது. ‘ஏ’ பிரிவில் 12 பத்திகள், 42 வினாக்கள், 95 நிமிடம். பத்திக்கு எட்டு நிமிடம்கூட இல்லை. முதல்முறை தவறி மறுமுறை சரியாக வந்தால் குறை வேகத்தில் இருக்கிறது. இரண்டு முறையும் தவறினால் வாசிப்பில்தான் கோளாறு: பெரும்பாலும், எழுதியவர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டும் எதிர்வாதத்தை அவருடைய கருத்தாகவே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். உலக நடப்பில் உண்மையாக இருந்து பத்தியில் இல்லாத விடையும் அடிக்கடி ஏமாற்றும்.

வேகக் குறைக்கு மருந்து வேறு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால், எட்டாவது நிமிடத்தில் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

40 நிமிடக் கட்டுரைப் பிரிவுக்கு இந்த முறை உதவாது. அதை ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். சட்டப் பட்டத்துக்குப் பிறகு, வழக்கறிஞராவதற்காக மலேசியாவில் எழுதும் சிஎல்பி (CLP) தேர்வுக்கும் இது பொருந்தாது. அங்கே சட்டத்தையும் தீர்ப்புகளையும் நினைவில் வைத்திருந்தாக வேண்டும்.